தூக்காத கைகள்

வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டா என்று வெகுநாட்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். செய்தித்தாள்கள் நான்கைந்து சொற்களை மாற்றி மாற்றிப் புழங்குகின்றன. வாக்கெடுப்பைப் புறக்கணித்தது, வாக்களிப்பதைத் தவிர்த்தது, விலகி நின்றது, நடுநிலை வகித்தது. எல்லாம் ஒரே செயலைக் குறிப்பதாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் புறக்கணிப்பவரிடம் ஒரு கோபம் இருக்கிறது. தவிர்ப்பவரிடம் சங்கடம் இருக்கிறது. விலகி நிற்பவர் ஏறக்குறைய வாசல்வரை போய்விட்டார். நடுநிலை வகிப்பவர் மட்டும் அதே காரியத்தைச் செய்துவிட்டுச் சான்றோராகிவிடுகிறார்.

இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு உறுத்தல். திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவு நிலைமை. வள்ளுவர் அதற்குச் சொல்லும் உவமை துலாக்கோல். எடையேறும் முன் கோல் ஒரு பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும் என்பது சரி. ஆனால் பொருளை வைத்த பிறகு எது கனம் என்று அது காட்டியாக வேண்டும். அதற்காகத்தான் அதைக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். எடை போட மாட்டேன் என்று மூலையில் கிடக்கும் தராசைப் பற்றி வள்ளுவர் அதிகாரம் எழுதவில்லை. வாக்களிக்காதவருக்கு இந்தச் சொல்லை முதலில் யார் தூக்கிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, ரொம்பவும் தாராளமானவர்.

2014 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கை குறித்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 2012லும் 2013லும் அத்தகைய தீர்மானங்களை ஆதரித்து வாக்களித்திருந்த இந்தியா அம்முறை வாக்களிக்கவில்லை. ஆதரவு 23, எதிர்ப்பு 12, வாக்களிக்காதோர் 12. அப்போது தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்தக் கடைசிப் பன்னிரண்டில் இருந்த ஒரு நாட்டைப் பற்றியவை. எனக்கும் கசப்புதான். ஆனால் என் கண் 23 என்ற எண்ணை விட்டு நகரவில்லை. பேரவையின் உறுப்பு நாடுகள் 47. பாதிக்கு மேல் வேண்டுமென்றால் 24 வேண்டும். ஒன்று குறைகிறது. இருந்தும் தீர்மானம் நிறைவேறியது. ஏனென்றால் அங்கே விதி, வந்திருந்து வாக்களித்தோரில் பெரும்பான்மை என்பது. வாக்களித்தவை 35 நாடுகள். அதில் 23 தாராளமாகப் போதும். 2022 அக்டோபரில் இலங்கை குறித்து வந்த இன்னொரு தீர்மானத்தில் ஆதரவு 20, எதிர்ப்பு 7, வாக்களிக்காதோர் மறுபடி 20. அதுவும் நிறைவேறியது.

விதியில் 'வாக்களித்தோர்' என்ற சொல் இல்லாமல் 'உறுப்பினர்' என்று மட்டும் இருந்திருந்தால் இரண்டுமே தோற்றிருக்கும். அன்று கை தூக்காமல் இருந்த அதே நாடுகள், அதே காரணத்துக்காக, அதே மாதிரி சும்மா இருந்து, தீர்மானத்தைத் தோற்கடித்திருக்கும். என் கண் அந்த எண்ணில் போய் நின்றதற்குக் காரணம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய ஊரின் சிறிய கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கையால் எழுத நேர்ந்தது.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு நடுத்தர ஊர். நூற்றுச் சொச்சம் தமிழ்க் குடும்பங்கள். பொங்கல், தீபாவளி, கோடையில் ஒரு பிக்னிக், ஞாயிறு மதியங்களில் தமிழ்ப் பள்ளி. இவற்றை நடத்த ஒரு தமிழ்ச் சங்கம். அதன் செயலாளராக நான் இருந்தேன். வேறு யாரும் முன்வராததால் என்பதைத் தவிர அதற்குத் தனித் தகுதி எதுவும் எனக்கு இல்லை. சங்கத்துக்கு ஒரு பைலா இருந்தது. வேறு ஏதோ ஊர்ச் சங்கத்தின் பைலாவைப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டது அது. கூட்டங்கள் ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் ஆர்டர் நூலின்படி நடக்கும் என்று அதில் ஒரு வரி. பைலாவைத் திருத்த, கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்று இன்னொரு வரி.

2002 டிசம்பர். கணினித் துறையின் குமிழி உடைந்து, ஊரில் பல வீடுகளில் வேலை போயிருந்தது. எச்-1பி விசாவில் இருந்தவர்களுக்கு வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் கூடவே போய்விடும் என்பதால், அந்த வீடுகளில் தொலைபேசி அடித்தால் எடுக்கத் தயங்கினார்கள். சந்தா கட்டாதவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் இடமில்லை என்று பைலா சொல்லியது. வேலை இழந்த குடும்பங்களுக்கு ஓராண்டு சந்தாவும் பள்ளிக் கட்டணமும் விலக்கு என்று திருத்தம் கொண்டுவந்தோம். அப்படி நான்கு குடும்பங்கள். நால்வரும் அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பொருளாளர் எழுந்து எதிர்த்துப் பேசினார். மண்டப வாடகை ஏறிவிட்டது, இருப்பில் இவ்வளவுதான் இருக்கிறது, இன்று நான்கு என்றால் கோடைக்குள் பத்தாகும் என்றார். அவரோடு சேர்ந்து எதிர்த்து மொத்தம் 4 பேர் கை தூக்கினார்கள். அந்த நால்வர் மீது எனக்கு அன்றும் இன்றும் வருத்தமில்லை. அவர்கள் சொன்ன கணக்கு பொய்யில்லை. சொன்னதை முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஆதரித்து 31 கைகள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு தலைவர், மரியாதைக்காகத்தான், "நடுநிலை?" என்று கேட்டார். 11 கைகள் எழுந்தன. 8 பேர் அதற்கும் கை தூக்கவில்லை. நடுநிலையிலும் நடுநிலை. அந்த எட்டுப் பேரில் சிலர் குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

வந்திருந்தவர்கள் 54 பேர். மூன்றில் இரண்டு பங்கு 36. கிடைத்தது 31. தீர்மானம் தோற்றது.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. முப்பத்தொன்றுக்கு நான்கு என்று வென்ற பக்கம் தோற்றிருக்கிறது. தலைவர் பைலாவை வாங்கிப் படித்தார், மறுபடி படித்தார், என்னிடம் கொடுத்தார். வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு என்று இருந்தால் 35க்கு 24 போதும். வந்திருப்பவரில் என்றுதான் இருந்தது. ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அந்தப் பத்தொம்பது பேரும் வேண்டாம்னா சொன்னாங்க?"

"இல்லைங்க ஐயா. ஒண்ணும் சொல்லலை."

"பின்ன எழுதுறப்ப மட்டும் எதுக்கு வேண்டாங்கிற பக்கம் எழுதுறீங்க?"

நான் எழுதவில்லை, பைலா எழுதுகிறது என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிறகு ஒவ்வொருவராகப் பேசியதில் அந்தப் பத்தொன்பதின் உள்ளே இருந்தவை தெரியவந்தன. சிலர் பொருளாளரின் நண்பர்கள். அவர் மனம் நோகக்கூடாது. சிலர் அந்த நான்கு குடும்பத்தாரின் முன்னிலையில் இதற்குக் கை தூக்குவது பிச்சை போடுவது போலிருக்கும் என்று எண்ணியவர்கள். ஒருவர் கடைசியாக வந்தவர், விவாதத்தைக் கேட்கவில்லை, தெரியாத விஷயத்தில் கை தூக்குவது முறையில்லை என்று இருந்துவிட்டார். நான் சற்றும் எதிர்பார்க்காதது இன்னொன்று. அந்த நான்கு குடும்பங்களிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் 6 பேரும் கை தூக்கவில்லை. நமக்கு நாமே சலுகைக்கு வாக்களித்துக்கொள்வது அழகில்லை என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ளாமலே இருந்துவிட்டிருக்கிறார்கள். வெற்றிக்குக் குறைந்தது 5 வாக்குகள்.

ராபர்ட் என்ற மனிதரைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் ஒரு ராணுவப் பொறியாளர். 1863ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி கேட்டுக்கொண்டார்கள். எப்படி நடத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் அமளியில் முடிந்தது. அவமானம் தாங்காமல் அவைநடத்தும் முறைகளைப் படிக்கத் தொடங்கி, 1876ல் அந்தச் சிறு கையேட்டை வெளியிட்டார். 1900ல் கால்வெஸ்டன் நகரைப் புயல் அழித்த பிறகு அங்கே கடல் தடுப்புச் சுவர் திட்டமிட்ட பொறியாளர் குழுவிலும் அவர் இருந்தார் என்பது ஒரு உபரித் தகவல். அலைக்குச் சுவர் கட்டியவர்தான் கூட்டத்துக்கும் கட்டியிருக்கிறார். அந்த நூல் இன்றும் திருத்தப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது; 2020ல் வந்தது பன்னிரண்டாம் பதிப்பு.

அந்த நூலின் பார்வையில் வாக்களிக்காமை என்பது ஒரு வாக்கு அல்ல. வாக்கு இல்லாமை. ஆகவே தலைவர் 'நடுநிலை?' என்று கேட்கவே கூடாது, எண்ணவும் கூடாது. கருத்துள்ள உறுப்பினருக்கு வாக்களிக்கும் கடமை உண்டு, ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பிறருக்கு இல்லாத தனிப்பட்ட லாபமோ பணத்தொடர்போ ஒரு தீர்மானத்தில் இருந்தால் அந்த உறுப்பினர் வாக்களிக்காமல் இருக்க வேண்டும். எங்கள் பின்வரிசைக்காரர்கள் இந்த நூலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அதன்படி நடந்தார்கள்.

அந்த நூல் இன்னொன்றும் சொல்கிறது. 'வந்திருப்போரில்' இத்தனை பங்கு என்று விதி எழுதாதீர்கள்; எழுதினால் வாக்களிக்காதவர் எதிர்த்து வாக்களித்தவராகிவிடுவார், ஒதுங்கியிருக்கும் உரிமை அவருக்கு இல்லாமல் போகும் என்று. நூலைப் பின்பற்றுவதாக ஒரு வரியில் சொல்லிவிட்டு, நூல் வேண்டாம் என்று சொன்னதை அடுத்த பக்கத்தில் எழுதி வைத்திருந்தது எங்கள் பைலா.

பள்ளிக்கூடப் பின்னக் கணக்குதான் இது. கோட்டுக்கு மேலே இருக்கும் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். எத்தனை கைகள் எழுந்தன என்பது மேலே. கோட்டுக்குக் கீழே வாக்களித்தோர் இருந்தால் ஒதுங்கியவர் கணக்கிலேயே இல்லை. வந்திருந்தோர் இருந்தால் அவர் எதிரி. மொத்த உறுப்பினர் இருந்தால், வீட்டில் காய்ச்சலில் படுத்திருப்பவரும் எதிரி. சும்மா இருந்தவர் என்ன செய்தார் என்பதை அவர் மனம் தீர்மானிப்பதில்லை. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் வேறு யாரோ கோட்டுக்குக் கீழே எழுதிவைத்த சொல் தீர்மானிக்கிறது.

இதை முழுக்கத் தெரிந்தவர்கள் செய்யும்போது வேறு மாதிரி இருக்கும். 1993 மே 11. நீதிபதி வி.ராமசாமியைப் பதவிநீக்கம் செய்யும் தீர்மானம் மக்களவையில். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி, உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகள். விசாரணைக் குழு அவற்றில் பலவற்றை நிரூபணமானவை என்று சொல்லியிருந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சோம்நாத் சட்டர்ஜி. நீதிபதியின் தரப்பில் கபில் சிபல் அவையின் முன் நின்று மணிக்கணக்கில் வாதாடினார். சுதந்திர இந்தியாவில் ஒரு நீதிபதி மீது அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது அதுவே முதல் முறை.

முடிவு: ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. வாக்களிக்காமல் இருந்தவர்கள் 205.

ஆளும் காங்கிரஸும் அதன் தோழமைக் கட்சிகளும் அவையில்தான் உட்கார்ந்திருந்தன. அரசியலமைப்பின் 124ஆம் பிரிவு இரண்டு பெரும்பான்மைகளைக் கேட்கிறது. வந்திருந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு. அது நூற்றுக்கு நூறு கிடைத்துவிட்டது. கூடவே, அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல். அதற்கு 270க்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டும். அது கிடைக்கவில்லை. தீர்மானம் வீழ்ந்தது. ஒருவர்கூட எதிர்க்காத தீர்மானம். நீதிபதி குற்றமற்றவர் என்று சொல்ல ஒரு கைகூட எழவில்லை. 205 பேரில் யாரும் எதற்கும் பின்னால் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அவர்கள்தான் எதுவும் செய்யவில்லையே. மக்களவை உறுப்பினரின் மேஜையில் பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு இதற்கென்று ஒரு மஞ்சள் பொத்தானும் உண்டு. அன்று மஞ்சளுக்குச் சிவப்பின் மதிப்பு. ஆனால் சிவப்பின் பொறுப்பு இல்லை. என்னைக் கேட்டால் இந்தியப் பாராளுமன்றத்தின் ஆகக் கெட்டிக்காரத்தனமான நாட்களில் ஒன்று அது, பெருமைக்குரியவற்றில் ஒன்றல்ல.

அதே அவையில் ஆறு ஆண்டுகள் கழித்து, 1999 ஏப்ரல் 17 அன்று, கணக்கு தலைகீழாக இருந்தது. வாஜ்பாய் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் கோட்டுக்குக் கீழே வாக்களித்தோர் மட்டும். பகுஜன் சமாஜ் கட்சியின் 5 உறுப்பினர்கள் ஒதுங்கியிருப்பார்கள் என்று முதல் நாள் வரை நம்பியிருந்தார்கள். அவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அந்த ஐவரும் சொன்னபடி சும்மா இருந்திருந்தால் அரசு பிழைத்திருக்கும். முன்னதில் சும்மா இருந்தது ஒருவரைக் காப்பாற்றியது. பின்னதில் சும்மா இருக்க மறுத்தது ஒரு அரசை முடித்தது.

ஒதுங்குவதெல்லாம் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1985ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சிக் கட்டளைக்கு மாறாக வாக்களித்தால் மட்டுமல்ல, வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகும் என்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் மஞ்சள் பொத்தானை அழுத்தச் சிலநேரம் பச்சையை அழுத்துவதைவிடத் துணிச்சல் வேண்டும். பழைய ரோமில் நடுவர்களுக்கு, விடுவிக்கிறேன், தண்டிக்கிறேன் என்பவற்றோடு, எனக்குத் தெளிவாகவில்லை என்று சொல்லவும் வழி இருந்தது. எங்கள் கூட்டத்துக்குக் கடைசியாக வந்தவர் சொன்னதும் அதுதான். அவர் சொன்னது நேர்மையான சொல். அதைப் பதிவு செய்ய எங்கள் விதியில் இடமில்லை.

இங்கே எனக்குச் சபாபர்வம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. திரௌபதி அவையில் கேட்டது ஒரு கேள்வி. தன்னை முதலில் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? பீஷ்மர் தர்மம் நுட்பமானது, பதில் சொல்ல இயலவில்லை என்கிறார். மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லை. கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் எழுந்து, அரசர்களே பதில் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். யாரும் வாய் திறக்காதபோது தன் பதிலைத் தானே சொல்கிறான். பாரதியின் பாஞ்சாலி சபதத்திலும் அவன் பேசுகிறான். நாம் பள்ளியில் படித்தபோது அவனை வேகமாகத் தாண்டிப் போய்விட்டோம்.

அதன் பிறகு விதுரர் அவையோருக்கு ஒரு கதை சொல்கிறார். பிரகலாதனின் மகன் விரோசனனுக்கும் சுதன்வனுக்கும் வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் பிரகலாதன். மகனுக்கு எதிராகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று அவன் காசியபரிடம் போய்க் கேட்கிறான். காசியபரின் பதில் கணக்கு வடிவில் இருக்கிறது. இகழத்தக்கது இகழப்படாத அவையில், பாவத்தில் பாதி அவைத்தலைவனுக்கு. கால் பங்கு செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு அங்கே பேசாமல் இருந்தவர்களுக்கு. செய்தவனுக்கும் பார்த்திருந்தவர்களுக்கும் சமமான பங்கு என்பதில் நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்பேன். அந்தக் கால் பங்கை எத்தனை பேரால் வகுப்பது என்று காசியபர் சொல்லவில்லை. வந்திருந்தோரால் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பிரகலாதன் தீர்ப்பை மகனுக்கு எதிராகவே சொன்னான். விதுரர் கதையை முடித்த பிறகும் அஸ்தினாபுரத்து அவை வாயைத் திறக்கவில்லை.

எங்கள் சங்கத்தில், அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், 'வந்திருப்போரில்' என்பதை 'வந்திருந்து வாக்களிப்போரில்' என்று மாற்றும் திருத்தம் வைத்தேன். ஒரே ஒரு சொல். ஆனால் அதை நிறைவேற்றப் பழைய விதிப்படிதான் வாக்கெடுக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பு பதினைந்து நாட்கள் வீடு வீடாகத் தொலைபேசியில் பின்னக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் எதிர்த்ததாகும், எதிர்ப்பதென்றால் தாராளமாகக் கை தூக்கி எதிர்த்துவிடுங்கள் என்றேன். பொருளாளர் தன் வீட்டிலிருந்தும் சிலரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவு. வந்திருந்தோர் 48. வேண்டியது 32. ஆதரவு 33, எதிர்ப்பு 2. அவ்வளவு சொல்லியும் 13 பேர் கைகளை மடியிலேயே வைத்திருந்தார்கள்.

திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்ததால், அதே மாலையில் கட்டண விலக்குத் தீர்மானத்தை மறுபடி வைத்தோம். ஆதரவு 29, எதிர்ப்பு 3. பழைய விதியில் அது தோற்றிருக்கும். அந்த நான்கு குடும்பங்களில் அப்போது ஊரில் மிச்சமிருந்தது ஒன்று. இரண்டு குடும்பங்கள் இந்தியா திரும்பிவிட்டன, ஒன்று டெக்சாஸ் போய்விட்டது. மிச்சமிருந்த குடும்பத்தில் கணவனும் மனைவியும் பின்வரிசையில் அன்றும் கை தூக்காமல்தான் இருந்தார்கள். நான் குறிப்பேட்டில் 29, 3 என்று மட்டும் எழுதினேன். வந்திருந்தோர் எத்தனை என்று எழுத வேண்டியிருக்கவில்லை.